தைலம்மாளின் வீட்டு வயது

1983ஆம் ஆண்டின் கார்த்திகை மாதம். இரண்டாண்டு வறட்சியைக் கழுவிக்கொண்டு பதினொரு நாள் விடாமல் பெய்த அடைமழை ஓய்ந்த மறுநாள் காலையில்தான் தாஹிரா முதன்முதலாகத் தைலம்மாளைப் பார்த்தாள். பார்த்த இடம் ஒரு கிணற்று மேடு. அந்தக் கிணற்றின் அடியில் தாஹிராவின் தந்தை சைபுதீன் கிடந்தார்.

செஞ்சிக்கு வெளியே வல்லம் சாலையில் அவர்களுக்கு ஒரு காணி வேர்க்கடலை நிலம் இருந்தது. மழை விட்டதும் பயிரைப் பார்த்துவரப் போன பெரியவர், சேற்றுக் காலைக் கழுவுவதற்காகக் கிணற்றுப் படியில் இறங்கியிருக்கிறார். விளிம்பு வரை நீர் ததும்பி நின்ற கிணறு, படியெல்லாம் பாசி. செருப்பு மட்டும் மேட்டில் கிடந்தது. நீந்தத் தெரிந்த இரண்டு ஆண்கள் மூழ்கிப் பார்த்துவிட்டு, "அடியே தட்டுப்படல, ஒரே சேறு" என்று தலையை உதறிக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

"தைலம்மாவக் கூப்புடுங்கப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வந்தவள் உயரமான, எலும்பு தெரிந்த உடம்புக்காரி. ஐம்பதைத் தாண்டியவள் என்று நரைத்த தலை சொல்லிற்று. தோள்கள் அப்படிச் சொல்லவில்லை. யாரையும் பார்க்காமல் நேரே கிணற்றின் அருகில் போய், "செருப்பு எந்தப் பக்கம் பாத்துக் கெடந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். காட்டினார்கள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, அம்மிக்கல் அளவுக்கு ஒரு கல்லை மடியில் அணைத்தபடி இறங்கினாள். முதல் முறை வெறுங்கையுடன் வந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை நீர் வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு, தோளில் தலை சாய்ந்த பெரியவருடன் மேலே வந்தாள்.

அவருடைய முகத்தின்மீது ஈரத்துணி ஒன்று சுற்றியிருந்தது. நீருக்குள்ளேயே தன் முந்தானையில் கிழித்துச் சுற்றியிருக்கிறாள்.

"வூட்டு சனம் வாங்க. மொகத்த நீங்க மொதல்ல பாக்கணும். வேடிக்க பாக்க வந்தவன் பாக்கக் கூடாது" என்றாள்.

அந்த ஒரு செயலைத் தாஹிரா பின்னர் ஒருநாளும் மறக்கவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், தைலம்மாள் குடியிருந்த காலனிக்குத் தானே தேடிப் போய், அவளை வீட்டுக்கு அழைத்து வந்து கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்தாள். தைலம்மாள் குவளையை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இந்த ஊருல நான் எறங்காத கெணறு கெடையாது, டீச்சரம்மா. ஆனா மேல நின்னு ஒரு கொடம் தண்ணி சேந்த என்ன வுட்ட கெணறு ரெண்டோ மூணோதான்" என்று சொல்லிவிட்டு, ஏதோ வேடிக்கை சொன்னவளைப் போலச் சிரித்தாள்.

தாஹிராவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கடைவீதிக்குப் பின்புறத் தெருவில் ஒரு தட்டச்சு நிலையம் நடத்தினாள். பயிற்சி கொடுப்பதோடு, மனுவும் பத்திரமும் அடித்துக் கொடுப்பாள். அவள் அடித்த தாளில் ஒரு தேதி தவறாக இருந்தது என்று எந்த அலுவலகத்திலும் சொன்னதில்லை. "சரியா இல்லேன்னா அடிக்க மாட்டேன்" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் சொல். வந்தவர்கள் சொல்வதை அப்படியே அடித்துக் கொடுக்கும் மற்றவர்களைவிட அவளிடம் கூட்டம் குறைவுதான். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

தைலம்மாள், ஊரிலிருந்த ஓர் அரசு அலுவலகத்தில் பெருக்கும் வேலை பார்த்தாள். கணவன் இறந்து வெகுகாலம் ஆயிற்று. வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் மங்கை, தாஹிராவிடம் தட்டச்சுக் கற்றுக்கொண்டு, பிறகு விழுப்புரத்தில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தாள். தாயின் சம்பளத்தில்தான் மகளின் படிப்பு நடந்தது. மகளைப் பற்றிப் பேச வரும் சாக்கில் தைலம்மாள் மாலைதோறும் தட்டச்சு நிலையத்துக்கு வருவாள். இயந்திரங்களின் சத்தம் ஓய்ந்த பின்பு இருவரும் தேநீர் குடிப்பார்கள்.

1985ஆம் ஆண்டு ஐப்பசியில் அப்படியொரு மாலையில், தாஹிரா நாளிதழில் ஓர் அறிவிப்பைப் படித்தாள். சென்னையில் நீச்சல் சங்கம் ஒன்று மூத்தோருக்கான போட்டி நடத்துகிறதாம். பொங்கலுக்கு அடுத்த வாரமாம்.

"ஐம்பது வயசுக்கு மேல உள்ள பொம்பளைங்களுக்கும் நீச்சல் போட்டி இருக்குது, தைலம்மாக்கா."

"வயசானதுங்களத் தண்ணியில தள்ளி வுட்டு வேடிக்க பாக்கறானுங்களா? இன்னா, யாரு மொதல்ல முழுவறாங்கன்னா?"

"இல்லக்கா. யாரு மொதல்ல அந்தக் கரைக்குப் போறாங்கன்னு."

"போயி?"

"போயி ஒண்ணுமில்ல. மொதல்ல போனவங்களுக்குப் பதக்கம்."

"தண்ணிக்குள்ள இன்னா கெடக்குது, எடுத்தாரதுக்கு?"

"ஒண்ணும் கெடக்காது."

தைலம்மாள் குவளையைக் கீழே வைத்தாள். "சும்மா நீஞ்சறதுக்குன்னே நீஞ்சறதா?" என்று கேட்டாள். பிறகு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்க நைனா என்னக் கெணத்துல தூக்கிப் போட்டு நீச்சல் கத்துக் குடுத்தப்ப ஏழோ எட்டோ வயசு. அன்னிக்கி நீஞ்சனதுதான் எனக்காக நீஞ்சனது. அப்புறம் எறங்கனதெல்லாம் வாளிக்கு, தோட்டுக்கு, பொணத்துக்கு. ஒரு வாட்டி அப்பிடி எறங்கிப் பாக்கணும், டீச்சரம்மா. கையில ஒண்ணும் இல்லாம ஏறி வரணும்."

இதைத்தான் அவள் விரும்பினாள். இதைவிடப் பெரிதாக எதையும் விரும்பவில்லை. தந்தையின் முகத்தை மூடிய அந்தத் துணிக்கு என்ன கைம்மாறு செய்வது என்று இரண்டு ஆண்டுகளாகத் தவித்த தாஹிராவுக்கு, இதோ அது கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

விண்ணப்பப் படிவம் அஞ்சலில் வந்தது. பெயர், ஊர், பிறந்த தேதி. போட்டியாளர்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்திருந்தார்கள்: ஐம்பது முதல் ஐம்பத்து நான்கு வரை ஒரு பிரிவு, ஐம்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வரை இன்னொரு பிரிவு. பள்ளிச் சான்று இல்லாதவர்கள் மருத்துவர் ஒப்பமிட்ட வயதுச் சான்றை இணைக்கலாம் என்றிருந்தது.

"உங்க வயசு என்னக்கா?"

"ஆபீசு வயசா, வூட்டு வயசா?"

தாஹிரா இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதன்று. ஊரில் பாதிப் பேருக்கு இரண்டு வயது உண்டு. பள்ளியில் சேர்க்கும் நாளில் வாத்தியார் எழுதிய தேதி ஒன்று. வேலையில் சேர்க்கும் நாளில் அதிகாரி எழுதிய தேதி ஒன்று. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வயது வேறு. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. உள்ளே உடுத்த ஓர் உடையும் வெளியே போக ஓர் உடையும் வைத்துக்கொள்வதைப் போலத்தான் அது.

"வேலைக்கி எடுத்தப்ப முப்பதுக்கு மேலன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. அந்த ஆபீசரு நல்ல மனுசன். 'இருவத்தேழுன்னு போட்டுக்கறேன், போ'ன்னாரு. அந்தக் கணக்குக்கு இப்ப அம்பது. வூட்டுக் கணக்குக்கு நான் பொறந்தது பிரபவ வருசம் ஆடி மாசம்."

தாஹிரா பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த அறுபது ஆண்டுகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, விரல் வைத்து எண்ணினாள். பிரபவ ஆண்டு ஆடி என்றால் 1927. போட்டி நாளில் தைலம்மாளுக்கு ஐம்பத்தெட்டு நிறைந்திருக்கும்.

"ஆபீசு வயசையே போட்டுடேன், டீச்சரம்மா. வம்பு இல்லாம" என்றாள் தைலம்மாள்.

"அதுல போட்டா உங்களவிட எட்டு வயசு சின்னவங்களோட நீங்க நீந்தணும். அது என்ன நியாயம்? நீந்தப்போறது உங்க உடம்பா, ஆபீசு பைலா? சரியா இல்லேன்னா நான் அடிக்க மாட்டேன்."

தைலம்மாள் சரியென்று தலையாட்டினாள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உறுதியாகச் சொல்லும்போது எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டு, 1927 என்ற ஆண்டின் கீழே ஒப்பமிட்டார். அன்று மாலை தாஹிரா அடித்த தாளில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

பயிற்சிக்குக் கிணறு உதவவில்லை. கிணற்று நீச்சல் கீழே போவது. போட்டி நீச்சல் எதிர்க்கரைக்குப் போவது. அதனால் விடியற்காலையில் ராஜகிரிக் கோட்டை மலையின் அடிவாரத்துச் செட்டிகுளத்துக்குப் போனார்கள். தாஹிரா படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். தைலம்மாள் ஒரு படித்துறையிலிருந்து மறு படித்துறைக்குப் போவாள். தலையை நீருக்குள் விட்டால், பாதி தூரம் கடந்த பிறகுதான் மூச்சுக்கு மேலே வருவாள். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"இன்னாடி தைலம்மா, இன்னிக்கி யாரு உள்ள?" என்று ஒரு கிழவி பதறிப்போய்க் கேட்டாள்.

"யாரும் இல்ல. நாந்தான்!" என்று நீருக்குள்ளிருந்து பதில் வந்தது.

புடவையோடு நீந்தக்கூடாது என்றது விதி. தாஹிராவின் தம்பி ரியாசுதீன் தையற்காரன். அளவெடுக்க அவன் கூச்சப்பட்டதால், தாஹிராவே அளந்து எழுதிக் கொடுத்தாள். முழங்கால் வரையில் ஒரு கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் தைக்க அவன் தேர்ந்தெடுத்த துணி, கறுப்புக் குடைத்துணி. "இதுதான் தண்ணி குடிக்காது" என்று விளக்கமும் கொடுத்தான். போட்டுக் காட்டிய தைலம்மாள், "மழைக்கு ஒதுங்க ரெண்டு பேரு வந்துடப் போறாங்க" என்றாள். மூவரும் சிரித்த அந்தச் சிரிப்புக்குப் பிறகு வெகுகாலம் தாஹிராவின் வீட்டில் அப்படி யாரும் சிரிக்கவில்லை.

சென்னை நீச்சல்குளத்துக்குப் பெண்கள் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். பிரிவுக்குப் பிரிவு ஆள் போதாததால் ஆறு பேரையும் ஒன்றாகவே நீந்தவிட்டு, பரிசை மட்டும் வயதுப்படி பிரித்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஐம்பது மீட்டர், எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். மற்ற ஐவரும் தலையில் ரப்பர் தொப்பி அணிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "நீங்க எந்த கிளப்புங்க?"

"செஞ்சிங்க" என்றாள் தைலம்மாள்.

ஊதல் ஒலித்ததும் ஐந்து பேர் பாய்ந்தார்கள். தைலம்மாள் பாயவில்லை, கிணற்றில் இறங்குவதைப் போலக் காலை முதலில் விட்டு இறங்கினாள். ஒரு நொடி பின்தங்கியே தொடங்கினாள். அதன் பிறகு அவளைக் காணவில்லை. ஐந்து தொப்பிகள் நீரை அடித்துக்கொண்டு போயின. நடுத்தூரத்தில் ஒரு நரைத்த தலை மேலே வந்து, மூச்சிழுத்து, மறுபடி மறைந்தது. அடுத்த முறை அது மேலே வந்தபோது அதன் கை எதிர்ச்சுவரின்மீது இருந்தது. இரண்டாவதாக வந்தவர் இன்னும் நான்கு முழத்துக்கு அப்பால் இருந்தார்.

தொட்டவள் ஏறவில்லை. மறுபடியும் கீழே போய்விட்டாள். கரையில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். அவள் தரையைத் தொட்டுவிட்டு நிதானமாக மேலே வந்து, தாஹிராவைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"ஒண்ணுமே இல்ல, டீச்சரம்மா! தொடச்சி வுட்ட மாரி, ஒண்ணுமே இல்ல!"

அவள் முகத்தில் நீர் வழிந்தது. அது முழுவதும் குளத்து நீர்தானா என்று தாஹிராவுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்தது: "58 வயதுச் செஞ்சிப் பெண்மணி நீச்சலில் முதலிடம்." தைலம்மாள் அந்தப் பக்கத்தை மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அலுவலகத்தில் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். மேலாளர் ராமகிருஷ்ணன், தம் மேசைக்கு அவளை அழைத்துக் கைகொடுத்தார். இருபத்து மூன்று ஆண்டுகளில் அந்த அலுவலகத்தில் ஒருவர் அவளுடைய கையைத் தொட்டது அதுவே முதல் முறை.

பத்து நாளில் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. செய்தித்தாளின் அந்தத் துண்டு ஒட்டியிருந்தது. 58 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. எழுதியவன் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அவளுடைய வேலை காலியானால் தன் வீட்டில் ஒருத்திக்கு அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டவனாக இருக்கவேண்டும் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ராமகிருஷ்ணன் கொடியவர் அல்லர். மேலிடம் விளக்கம் கேட்டபோது, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். தைலம்மாள் கேட்டுக்கொண்டதால் தாஹிராவும் உடன் இருந்தாள்.

"இத பாரும்மா. பதிவேட்டுல உனக்கு அம்பது. பேப்பர்ல அம்பத்தெட்டு. ஒண்ணு, கவர்மெண்ட்ட ஏமாத்தி வேலைக்கி வந்திருக்கே. இல்லாட்டி, அந்த நீச்சல்காரங்கள ஏமாத்திப் பரிசு வாங்கியிருக்கே. ரெண்டுல எது?"

"யாரையும் ஏமாத்தலிங்களே. ஆபீசுல கேட்டப்ப ஆபீசு வயசச் சொன்னேன். தண்ணியில எறங்கறப்ப வூட்டு வயசச் சொன்னேன்."

"அப்பிடி எழுதி அனுப்ப முடியாதும்மா. மொதலாவதுன்னா வேலை போவும். போலீசு கேசும் வரும். ரெண்டாவதுன்னா, அந்தச் சங்கத்துக்கு நீயே ஒரு லெட்டர் எழுதி, பதக்கத்தத் திருப்பி அனுப்பிட்டு, நகல எங்கிட்ட குடு. நான் பைலை மூடிடறேன்."

தாஹிரா குறுக்கிட்டாள். "தவறுதலா வயசு மாறிப்போச்சுன்னு எழுதலாமே, சார்."

"தவறுதல்னா, அப்ப எது சரின்னு அடுத்த கேள்வி வரும். வேணும்னே பொய் சொன்னேன்னு இருக்கணும். அப்பத்தான் பதிவேடு நிக்கும்."

வெளியே வந்ததும் தைலம்மாள் மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வார இறுதிக்கு ஊருக்கு வந்திருந்த மங்கை, செய்தி கேட்டு ஓடிவந்தாள். அவளுக்கு இன்னும் நான்கு மாதப் படிப்பு பாக்கி இருந்தது.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா போட்டி? உன்ன யாரு கேட்டா?" என்று தாயிடம் கத்தினாள். பிறகு தாஹிராவின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அவங்களுக்குத்தான் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

மங்கையின் கேள்வியில் தவறு இல்லை.

அந்தக் கடிதத்தை அடித்தவளும் தாஹிராதான். வேறு யாரிடம் கொடுத்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். 'நான், தைலம்மாள், பரிசு பெறவேண்டும் என்ற ஆசையினால், என் வயதை வேண்டுமென்றே எட்டு ஆண்டுகள் கூட்டிச் சொல்லி, தங்கள் சங்கத்தை ஏமாற்றிவிட்டேன்.' இருபது சொற்களுக்குள் அடங்கும் அந்த வாக்கியத்தை அடிக்க அவளுக்கு அரை மணி நேரமாயிற்று. மூன்று தாள்களைக் கிழித்தாள்.

"படிச்சிக் காட்டு" என்றாள் தைலம்மாள்.

தாஹிரா படித்தாள்.

"ஆசைன்னு போட்டிருக்கியே, அது ஒண்ணுதான் அதுல நெசம்" என்று சொல்லிவிட்டு, கற்றுவைத்திருந்த ஐந்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாக வரைந்து கையெழுத்திட்டாள். பதக்கத்தை ஒரு தீப்பெட்டியில் வைத்து, துணியில் பொதிந்து, பதிவு அஞ்சலில் அனுப்பினார்கள்.

தாஹிராவைச் சும்மா இருக்கவிடாத இன்னொரு செய்தி அதற்குப் பிறகு வந்தது. சங்கம் வெளியிட்ட முடிவுப் பட்டியலில் ஆறு பேருடைய நேரமும் இருந்தது. ஐம்பது வயதுப் பிரிவில் பரிசு பெற்றவரைவிடத் தைலம்மாள் மூன்று நொடி முந்தியிருந்தாள். அன்று எல்லாருக்கும் முன்னால் அவள் சுவரைத் தொட்டதைக் கண்ணால் பார்த்தும் தாஹிரா எண்ணிப் பார்க்காதது இது: அலுவலக வயதைப் போட்டிருந்தாலும் பதக்கம் அவளுக்குத்தான். எட்டு வயது இளையவர்களோடு நீந்துவது நியாயமா என்று தான் கேட்ட கேள்வி, தாஹிராவின் காதில் தன் குரலிலேயே திரும்பத் திரும்ப ஒலித்தது. சங்கத்துக்கு மறுபடியும் எழுதினாள்: பதிவேட்டின்படியே பார்த்தாலும் அவர் முதலிடந்தானே, அந்தப் பிரிவின் பரிசையாவது தரக்கூடாதா? ஒரு வாரத்தில் விடை வந்தது. பொய்ச் சான்று கொடுத்தவரை எந்தப் பிரிவிலும் கருத இயலாது. இனி எந்தப் போட்டியிலும் அவருக்கு இடமில்லை.

முன்பு செய்தி போட்ட நாளிதழே இதையும் போட்டது. இம்முறை படம் இல்லை. தேநீர்க் கடையில் கோவிந்தசாமி என்பவர் அதை உரக்கப் படித்தார்.

"ஊருல பொம்பளைங்க வயசக் கொறச்சிச் சொல்லிப் பாத்திருக்கேன். கூட்டிச் சொல்லி மாட்டிக்கிட்டவ இவ ஒருத்திதான்!"

கடை முழுவதும் சிரித்தது. எதிர்ப்புறம் அலுவலக வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த தைலம்மாள் நிமிர்ந்தாள்.

"உங்க தம்பி பொண்டாட்டி கெணத்துல வுழுந்தப்ப, வயசு கேட்டா எறங்கனேன், கோவிந்தசாமிண்ணே?" என்றாள். சிரிப்பு நின்றது. ஆனால் மறுநாள் மறுபடியும் தொடங்கியது. சிரிப்பவர்களுக்கு வெட்கம் ஒருநாளைக்கு மேல் தாங்குவதில்லை.

அவள் செட்டிகுளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தாஹிரா எவ்வளவோ அழைத்துப் பார்த்தாள். "பதக்கம் வேண்டாம், போட்டி வேண்டாம். சும்மா நீந்தலாம் வாங்கக்கா" என்றாள்.

"சும்மா நீஞ்சறதுக்கு நான் யாரு, டீச்சரம்மா? சும்மா நீஞ்சனவளத்தான் பொய்க்காரின்னு எழுதி வாங்கிட்டீங்களே."

'வாங்கிட்டாங்களே' என்று அவள் சொல்லவில்லை. 'வாங்கிட்டீங்களே' என்றாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாஹிராவால் தாங்கியிருக்க முடியும். தேநீர் ஆறிப்போயிற்று என்று சொல்லும் குரலில் சொன்னாள்.

ஆனால் ஊர் அவளை விடவில்லை. 1987 கோடையில், கோட்டையைப் பார்க்க வந்த வெளியூர் இளைஞன் ஒருவன் குளத்தில் மூழ்கிப்போனான். காவலர் வந்து அழைத்தார். அவளும் போய் இறங்கினாள். நெடுநேரத்துக்குப் பிறகு அவனை மேலே கொண்டுவந்தாள். முகத்தில் வழக்கம்போலத் துணி சுற்றியிருந்தது. கரையில் அமர்ந்து, ஈரப் புடவையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம் வாக்குமூலம் எழுத வந்தார் காவலர்.

"பேரு?"

"தைலம்மா."

"வயசு?"

"எந்த வயசுங்க வேணும்?" என்றாள்.

காவலர் அதை வேடிக்கை என்று நினைத்து, தாமாகவே ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். கூட்டத்தில் நின்ற தாஹிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மங்கை படிப்பை முடித்தாள். ஆனால் வேலை வரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாள். தைலம்மாளும் தன் வீட்டு வயது ஓய்வுக்குரிய அறுபதைத் தாண்டிய பின்பும் பெருக்கிக்கொண்டிருந்தாள். அலுவலகப் பதிவேட்டின்படி அவள் இன்னும் ஆறு ஆண்டு பெருக்கவேண்டும். உடம்பு பதிவேட்டைப் பார்ப்பதில்லை. 1989ஆம் ஆண்டு ஆவணியில், ஒரு பழங்கிணற்றிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துவந்த நாளில் பிடித்த காய்ச்சல் மார்பில் இறங்கியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ கிணறுகளில் மூச்சடக்கி மீண்டு வந்தவள், மருத்துவமனைக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குப் போராடினாள்.

பிற்பகல் பார்வை நேரத்தில் தாஹிரா போனாள். மங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். போகும் வழியிலேயே தாஹிரா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கட்டிலருகில் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அக்கா, அந்தச் சங்கத்துக்கு நான் உண்மைய எழுதப்போறேன். லெட்டர் அடிச்சது நான், வயசச் சொன்னது நான், நீங்க பொய் சொல்லலன்னு எழுதறேன். உங்க பேர அவங்க திருப்பி எழுதட்டும்."

தைலம்மாள் வேகமாகத் தலையை ஆட்டினாள். தாஹிராவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் வலுவில்லை, ஆனால் விடவில்லை.

"வேணாம். நான் வேலையில இருக்கறப்பவே போயிட்டேன்னா, மங்கைக்கி வாரிசு வேலை குடுப்பாங்களாம். மேனேஜரு சொன்னாரு." இடையில் மூச்சுக்காக நின்றாள். "சாவு எழுதறப்ப அறுவத்திரண்டுன்னு எழுதிட்டா, அப்ப ரெண்டு வருசமா எப்பிடி வேல பாத்தான்னு கேப்பாங்க. அவ்ளோதான், அவ சோத்துல மண்ணு."

தாஹிரா தலையை அசைத்தாள்.

"அம்பத்திநாலுன்னு எழுதச் சொல்லணும். ஆபீசுல இருக்கற மாரியே. புரியுதா?"

"நானே போய் எழுதறேன், அக்கா."

"இல்ல." தைலம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. தண்ணீரின் ஆழத்தைக் கணிப்பவளின் நிதானம் மட்டுமே இருந்தது. "உன் கைக்கி அது வராது, டீச்சரம்மா. நீ போவாத. வேற யாரையாவது வெச்சி எழுதச் சொல்லு."